காது மிஷின் கதையை எந்த வகையில் சேர்ப்பது?

மாடிவீடு எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் எட்டி நின்று வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான இடத்தில் கேட்கிறேன் என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ஒரு சிறுகதை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பாட்டிக்குப் புதிதாகக் காது மிஷின் வாங்கித் தருகிறார்கள். அதை மாட்டினால் பாட்டிக்குக் கேட்பதெல்லாம் இருபது நிமிடம் கழித்து எழப்போகிற சத்தம். யாரும் வருவதற்கு முன்பே காலிங் பெல் கேட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து வைக்கிறார், அடுப்பே பற்றவைக்காதபோது குக்கர் மூன்று விசில் விட்டாயிற்று, போய் அணை என்கிறார். வீட்டில் எல்லோரும் பாட்டிக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று டாக்டரைத் தேடுகிறார்கள். மிஷின் எப்படி அப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கவில்லை, எனக்கே தெரியாது.

ஒரு இணைய இதழுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதில், இது ஹார்ட் எஸ்.எஃப்.பா (எஸ்.எஃப். என்றால் அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதை), சாஃப்ட் எஸ்.எஃப்.பா, மாய யதார்த்தமா என்று விளங்கவில்லை, வகையை முடிவு செய்துகொண்டு திருத்தி அனுப்புங்கள் என்பதுதான். சரி என்று தேடிப் பார்த்தால் பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்பேஸ் ஓபரா, சைபர்பங்க், ஸ்டீம்பங்க், பயோபங்க், டீசல்பங்க், சோலார்பங்க், க்ளை-ஃபை, மாற்று வரலாறு, டிஸ்டோப்பியா... டீசல்பங்க் என்றதும் எனக்கு எங்கள் பைபாஸ் ரோட்டுப் பங்க்தான் ஞாபகம் வந்தது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வருகிற இயந்திர நாய் ஜீனோவைத் தாண்டி நான் இந்த வகையில் படித்தது மிகக் குறைவு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கேள்வி இரண்டு. எழுதுகிறவன் வகையை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டுமா? அப்புறம், என் கதை எந்த வகை?


பழையபேப்பர் எழுதியது:

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் எப்படி வந்தன என்று பார்த்தால் பயம் போய்விடும்.

ஸ்பேஸ் ஓபரா என்பது பிறந்தபோது ஒரு வசவு. அமெரிக்காவில் அப்போது ரேடியோவில் ஓடிய அழுகைத் தொடர்களுக்குச் சோப்பு கம்பெனிகள்தான் விளம்பரதாரர்கள் என்பதால் அவற்றுக்கு சோப் ஓபரா என்று பெயர், கௌபாய் படங்களுக்கு ஹார்ஸ் ஓபரா. அதே கேலியில் 1941-ல் வில்சன் டக்கர் என்பவர், அரைத்த மாவையே அரைக்கும் ராக்கெட் கதைகளுக்கு ஸ்பேஸ் ஓபரா என்று பெயர் வைத்தார். நாம் 'மாமியார் மருமகள் சீரியல்' என்று சொல்கிற அதே தொனி. அந்தப் பாணிக்குப் பிள்ளையார் சுழி போட்டதாகச் சொல்லப்படும் ஈ.ஈ. ஸ்மித் பகலில் டோனட் மாவுக் கலவை தயாரிக்கும் வேதியியல் நிபுணர், ராத்திரியில் நட்சத்திரங்களை மோதவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதல் நாவல் 1928-ல் அமேசிங் ஸ்டோரீஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. பிறகு என்ன ஆயிற்று? 1987-ல் இயன் எம். பேங்க்ஸ் என்ற நாவலாசிரியர் இதே பாணியில் எழுத வந்தார். 2013-ல் ஆன் லெக்கி, ஒரு பெரிய போர்க்கப்பலின் மூளை தன் கப்பலை எல்லாம் இழந்து ஒரே ஒரு மனித உடம்புக்குள் மிஞ்சிப்போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நாவல் எழுதினார், அறிபுனைக்கான பெரிய விருதுகளான ஹ்யூகோ, நெபுலா, கிளார்க் மூன்றும் அதற்குத்தான் போயின. அதுவும் ஸ்பேஸ் ஓபராதான். வசவு விருதாகிவிட்டது.

சைபர்பங்க் என்பது புரூஸ் பெத்கி 1983-ல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் தலைப்பு, அவ்வளவுதான். அடுத்த வருடம் வில்லியம் கிப்சனின் நியூரோமான்ஸர் வந்ததும் அந்தப் பெயர் போய் இதன்மேல் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் வலைக்குள் மனிதன் புகுந்து திருடும் அந்த நாவலை அவர் சாதாரண டைப்ரைட்டரில்தான் தட்டினார். அதன் முதல் வரியில் துறைமுகத்துக்கு மேலே வானம், நிலையம் எதுவும் எடுக்காத டிவியின் நிறத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "இப்ப தெரியுதா" என்று கத்திய தலைமுறைக்கு அது எறும்பு மொய்க்கிற சாம்பல் நிறம் என்று உடனே தெரியும். என் பெண் அதைப் படித்துவிட்டு, ஓ, நல்ல நீல வானம் என்றாள். அவளுக்குத் தெரிந்த சிக்னல் இல்லாத டிவி நீலம்!

ஸ்டீம்பங்க் இன்னும் வேடிக்கை. 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் தானும் இரண்டு நண்பர்களும் எழுதிக்கொண்டிருந்த விக்டோரியா காலத்துக் கற்பனைகளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று லோகஸ் பத்திரிகைக்குப் போட்ட கடிதத்தில், பாதி விளையாட்டாகச் சொன்னது. அதற்கப்புறம் எதை எழுதினாலும் வால் மாதிரி ஒரு பங்க் சேர்த்துவிடுகிறார்கள்.

ஆக, யாரும் வகையை முடிவு செய்துவிட்டு உட்காரவில்லை. அதே சமயம் வகை என்பது வெறும் பெயர்ப்பலகையும் இல்லை. எதில் ஏமாற்றமாட்டேன் என்று கதை வாசகனுக்குக் கொடுக்கிற வாக்கு அது. ஹார்ட் எஸ்.எஃப். என்றால் இயற்பியலில் ஏமாற்றமாட்டேன். மாற்று வரலாறு என்றால் ஒரே ஒரு திருப்பத்தைத்தான் மாற்றுவேன், மீதி எல்லாம் அதிலிருந்து நியாயமாக விளைய வேண்டும். நீங்கள் எதில் ஏமாற்றவில்லை என்று உங்கள் கதையைப் பார்த்துச் சொல்லுங்கள், அப்புறம் பெயர் வைக்கலாம்.


ரிசர்வ்டேங்க் எழுதியது:

இயற்பியல் என்றதும் வந்துவிட்டேன். பட்டறைக்காரன், அதனால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், மன்னிக்கவும்.

தம்பி, உங்கள் கதையில் முதல் பத்தியிலேயே ஓட்டை இருக்கிறது. பாட்டிக்குக் காலிங் பெல் கேட்கிறது, உடனே போய்க் கதவைத் திறந்து வைக்கிறார். இருபது நிமிடம் கழித்து விருந்தாளி வருகிறார், கதவு விரியத் திறந்திருக்கிறது, நேரே உள்ளே வந்துவிடுவார். பெல்லை யார் அடிப்பது? அடிக்காத பெல் பாட்டிக்கு எப்படிக் கேட்டது?

இது உங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ஹைன்லைன் 1941-லும் 1959-லும் எழுதிய இரண்டு காலப்பயணக் கதைகளில் எல்லாம் ஒரு வட்டமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும், எதையும் மாற்ற முடியாது, மாற்றப் போய்த்தான் அதுவே நடக்கும். இன்னொரு வழி கிரிகரி பென்ஃபோர்டு 1980-ல் காட்டியது. அவர் நிஜமாகவே இயற்பியல் பேராசிரியர். எதிர்காலத்திலிருந்து 1962-க்கு ஒரு செய்தி அனுப்புகிறார்கள், அது இங்கே ஒரு ஆய்வுக்கூடத்துச் சோதனையில் வெறும் இரைச்சலாக வந்து விழுகிறது, முழுசாகப் புரிந்துவிட்டால் எதிர்காலம் மாறி அனுப்பவேண்டிய அவசியமே போய்விடும் என்பதால் செய்தியை அரைகுறையாக வைக்கவேண்டிய கட்டாயம். இரைச்சல் என்பதைக் கவனியுங்கள், உங்கள் காது மிஷினுக்குப் பொருந்தும்.

ஹார்ட் எஸ்.எஃப். என்றால் பக்கம் பக்கமாகச் சமன்பாடு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஹால் கிளெமென்டின் மெஸ்க்ளின் கிரகம். 1953-ல் எழுதியது, மனிதர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அந்தக் கிரகம் சுமார் 18 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது, அந்த வேகத்தில் நசுங்கித் தட்டையாகிவிட்டது. நடுக்கோட்டில் ஈர்ப்பு நம் பூமியைப் போல 3 மடங்கு, துருவத்தில் அவர் கணக்குப்படி ஏறக்குறைய 700 மடங்கு. அங்கே வாழ்கிறவர்கள் பூரான் மாதிரி தரையோடு தரையாக இருப்பவர்கள். அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலே சாவு, அதனால் உயரம் என்றால் குலை நடுங்கும். தலைக்கு மேலே எதுவும் இருந்தால் ஆகாது, எதையும் தூக்கி வீசுவது என்ற யோசனையே அவர்களுக்குக் கிடையாது. ஈர்ப்பு எண்ணை எழுதிவிட்டு அதிலிருந்து பயத்தை எடுத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் ஹார்ட்.

வாசகர்களும் விடமாட்டார்கள். லாரி நிவன் 1970-ல் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி வளையமாக ஒரு உலகத்தைக் கட்டினார். அடுத்த வருடம் பாஸ்டனில் நடந்த மாநாட்டில் மாணவர்கள் தாழ்வாரத்தில் நின்று, வளையம் நிலையாக நிற்காது என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அவர் அதைச் சரிக்கட்ட இன்னொரு நாவலே எழுதவேண்டி வந்தது. முதல் பதிப்பில் பூமியையும் எதிர்த்திசையில் சுற்றவிட்டிருந்தார், பாவம்.

ஆனால் இந்த வகையில் எல்லோரும் தூக்கிவைத்து ஆடுகிற ஒரு கதைமேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. டாம் காட்வின் 1954-ல் எழுதிய 'கோல்ட் ஈக்வேஷன்ஸ்'. மருந்து கொண்டுபோகும் சின்ன விண்கலம், எரிபொருள் அளந்து ஊற்றியது, அண்ணனைப் பார்க்க ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள், அவள் எடைக்கு எரிபொருள் இல்லை, ஆகவே அவளை வெளியே தள்ளத்தான் வேண்டும், இயற்கை விதிக்கு இரக்கம் கிடையாது என்பது கதை. காட்வின் எப்படியாவது அவளைக் காப்பாற்றப் பார்த்தாராம், பத்திரிகை ஆசிரியர் கேம்ப்பெல் திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்லி அவளைச் சாகடிக்க வைத்தார். எனக்கு இதில் இயற்கை விதி எதுவும் தெரியவில்லை. பழைய பைக்கில்கூட ரிசர்வ் உண்டு ஐயா. ஆள் உயிர் போகிற இடத்தில் கதவுக்கு ஒரு பூட்டு இல்லை, ஒரு போர்டு மட்டும் மாட்டியிருக்கிறது, கிளம்பும் முன்னால் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஒருவர் இல்லை. இது அந்த நிர்வாகத்தின் கொலை, பழி நியூட்டன்மேல். ஹார்ட் என்று சொல்லிக்கொண்டு மனிதர்கள் எடுத்த முடிவை எல்லாம் இயற்பியல் தலையில் கட்டிவிடலாம் என்பதற்கு அந்தக் கதைதான் உதாரணம்.


மாடிவீடு எழுதியது:

பெல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கதையை எட்டுத் தடவை திருத்தியிருக்கிறேன், நாலு பேர் படித்திருக்கிறார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.


டீக்கடை எழுதியது:

ஒரு சின்ன ஊகம். கடைசியில் ஒருநாள் மிஷினில் எந்தச் சத்தமும் வராது, இருபது நிமிடத்தில் பாட்டி போய்ச் சேர்ந்துவிடுவார். சரியா?


மாடிவீடு எழுதியது:

சரி.


கோணமலை எழுதியது:

நான் திருகோணமலை. ஹார்ட் எஸ்.எஃப். பற்றிக் கதைக்கிறீர்கள், ஆர்தர் சி. கிளார்க்கை ஒருவரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1956-லிருந்து 2008-ல் கொழும்பில் கண் மூடும் வரைக்கும் எங்கள் நாட்டில் இருந்த மனிதர். எங்கள் ஊர்க் கடலுக்கும் வந்தவர். கோணேசர் கோயில் நிற்கிற பாறைக்குக் கீழே, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் கற்களும் கடலடியில் கிடந்ததை அவரோடு சேர்ந்து சுழியோடிய மைக் வில்சன்தான் பார்த்தார், கிளார்க் அதை 1957-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ராக்கெட் எழுதுகிறவர் என்று உலகம் நினைத்த ஆளுக்கு இங்கே கடல்தான் வேலை. நீருக்குள் மிதப்பது எடையற்று மிதப்பது மாதிரி என்று அடிக்கடி சொல்லுவாராம்.

நான் சொல்ல வந்தது அவருடைய 1979 நாவல், விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நடுக்கோட்டுக்கு நேர் மேலே வைத்தால், அது பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்தில் நிற்கிற மாதிரித் தெரியும். 1945-ல் தகவல் தொடர்புக்கு இந்த உயரத்தைப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதியதும் இவரேதான். அங்கிருந்து கயிறு விட்டால் லிஃப்ட். ஆனால் கயிற்றின் அடி நடுக்கோட்டில் வந்து இறங்க வேண்டும். இலங்கையோ நடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் விட்டுவிட்டுக் கதை எழுத அவருக்கு மனம் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமோ? தீவையே தூக்கி 800 கிலோமீட்டர் தெற்கே வைத்தார். தப்ரபேன் என்று பழைய பெயரையும் வைத்துவிட்டு, முன்னுரையில் இப்படி நகர்த்தியிருக்கிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் விட்டார். அந்த மலை உச்சியில் பௌத்த மடம் இருக்கிறது, பிக்குகள் இடம் தரமாட்டோம் என்கிறார்கள், பாதிக் கதை அந்த வழக்கு.

இயற்பியலை அசைக்கவில்லை, ஒரு நாட்டை அசைத்தார். உங்கள் கதையிலும் ஒன்றை நகர்த்தத்தான் வேண்டும், அது எது என்று தெரிந்து நகர்த்துங்கோ. இருபது நிமிடம் முந்திக் கேட்கிறது என்பதை நகர்த்தியாயிற்று, இனி மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.


நிலாச்சோறு எழுதியது:

இதுவரை வந்த பதில்களில் பெண்கள் எழுதிய கதை என்று ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

சோலார்பங்க் என்ற பெயர் இந்த நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. சூரிய சக்தி, மாசில்லாத ஊர், நம்பிக்கையான எதிர்காலம் என்றெல்லாம் விளக்கம் சொல்வார்கள். அதையெல்லாம் 1905-லேயே ஒரு வங்காளப் பெண் எழுதிவிட்டார், அது அச்சானது நம் மெட்ராஸில். பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாஸ் ட்ரீம்'. கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகஸின் என்ற ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. அந்தக் கதையில் ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள், பெண்கள் ஊரை நடத்துகிறார்கள். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒன்று மேகத்திலிருந்து பலூன் வைத்துத் தண்ணீர் எடுக்கிறது, மற்றது வெயிலின் சூட்டைச் சேமித்து வைக்கிறது. ஆண்கள் அந்தச் சூரிய ஆராய்ச்சியை உணர்ச்சிவசப்பட்ட கெட்ட கனவு என்று கிண்டல் செய்கிறார்கள், கடைசியில் படையெடுத்து வந்த எதிரியை விரட்டுவது அந்த வெயில்தான்.

எனக்கு அதில் பிடித்த இடம் போர் இல்லை, அடுக்களை. வந்தவள் அடுக்களையைப் பார்க்கிறாள், கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கிகூட இல்லை, எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்கிறாள், வெயில் வருகிற குழாயைக் காட்டுகிறார்கள். விறகடுப்பு முன்னால் கண் எரிய நின்றவளுக்குத்தான் எதிர்காலத்தில் முதலில் அடுப்பைப் பார்க்கத் தோன்றும். ராக்கெட் கதைகளில் யாரும் சமைப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, சாஃப்ட் எஸ்.எஃப். என்பதை மென்மையான கதை என்று நினைத்துவிடாதீர்கள், இயற்பியலுக்குப் பதில் மனிதர்களையும் சமூகத்தையும் ஆராய்கிற கதை அது. ஊர்சுலா லெ குவினின் அப்பா ஆல்ஃபிரெட் க்ரோபர் பெரிய மானுடவியலாளர், மகள் கிரகங்களை அந்தக் கண்ணோடு பார்த்தார். 1969 நாவலில் கெத்தென் என்ற குளிர் கிரகத்தில் ஆண் பெண் என்று நிலையான பிரிவே இல்லை, மாதத்தில் சில நாள் யாரும் எதுவாகவும் ஆகலாம். அரசர் கர்ப்பமாக இருக்கிறார் என்று ஒரு வரி வரும், போகிற போக்கில். அந்த ஒன்றை மாற்றியதும் வீடு, வேலை, விடுமுறை, சண்டை எல்லாம் எப்படி மாறும் என்று ஒன்றைக்கூட விடாமல் யோசித்திருப்பார். ரிசர்வ்டேங்க் அண்ணா சொன்ன மெஸ்க்ளின் கணக்குக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததில்லை. எண் இல்லை, அவ்வளவுதான்.

க்ளை-ஃபை, அதாவது பருவநிலை மாற்றத்தைப் பேசும் கதைகள் பற்றி ஒரு வார்த்தை. கிம் ஸ்டான்லி ராபின்சனின் 2020 நாவல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊரில் வெப்ப அலையோடு தொடங்குகிறது. மின்சாரம் போகிறது, மக்கள் ஏரியில் போய் இறங்குகிறார்கள், தண்ணீரே உடம்பைவிடச் சூடு. வெயிலைவிட ஈரம்தான் ஆளைக் கொல்லும் என்பது அதில் இருக்கிற விஞ்ஞானம், காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை உலராது, உடம்பு ஆற வழியில்லை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார். சென்னையில் மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் விசிறிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு அந்த முதல் அத்தியாயம் அறிபுனையாகவே தெரியாது. நான் பாதியில் மூடிவைத்து மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.


பழையபேப்பர் எழுதியது:

நிலாச்சோறு சொன்ன அடுக்களை விஷயம் எனக்கு இத்தனை வருடத்தில் உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மாடிவீடு, உங்களுக்கு ஒரு மூதாதை இருக்கிறார். பாப் ஷா 1966-ல் எழுதிய 'லைட் ஆஃப் அதர் டேஸ்'. அதில் ஒரு கண்ணாடி வருகிறது, வெளிச்சம் அதைக் கடக்கப் பத்து வருடம் ஆகும். அழகான மலைச்சரிவில் பத்து வருடம் நிறுத்தி வைத்துவிட்டு நகரத்து வீட்டில் ஜன்னலாக மாட்டினால், அடுத்த பத்து வருடம் உங்கள் சுவரில் அந்த மலை. ஸ்காட்லாந்தில் ஒருவரிடம் அப்படிக் கண்ணாடி வாங்க ஒரு தம்பதி போகிறார்கள். பேரம் நடக்கும்போது அவருடைய வீட்டு ஜன்னலில் ஒரு பெண்ணும் குழந்தையும் நடமாடுவது தெரிகிறது, அந்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அந்தத் தம்பதியில் மனைவி தற்செயலாக வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஆள் வாழ்கிற அடையாளமே இல்லை. இருவரும் இறந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த பத்திரிகை அதே கேம்ப்பெல்லின் அனலாக். கண்ணாடியின் இயற்பியல் சில வரிதான், மீதி எல்லாம் வெளியே நிற்கிற அந்த மனிதர்.

அது ஹார்டா சாஃப்டா என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்.

உங்கள் மிஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாதச் சந்தா கேட்கிறது, இலவசமாக என்றால் இரண்டு நிமிடம் முன்னால்தான் கேட்கும், பேரன் பாட்டிக்காகக் கள்ளத்தனமாகத் திறந்துவிடுகிறான் என்றால் அது சைபர்பங்க் பக்கம் போய்விட்டது. தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து பாட்டியைத் தினம் எட்டு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு போகிறார் என்றால் டிஸ்டோப்பியா. சொல்லப்போனால் ஜீனோ வருகிற கதையும் அதுதான், பிள்ளை பெறவே அரசாங்க அனுமதி வேண்டும், பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக்கூடாது, நாமெல்லாம் நாய்க்குட்டியின் லொள்ளைப் படித்துச் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனோம். யாருமே ஏன் எப்படி என்று கேட்காமல் பாட்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டால் மாய யதார்த்தம். ஸ்டீம்பங்குக்கு வழியில்லை, விட்டுவிடுங்கள்.


காதுக்கடை எழுதியது:

நான் காது மிஷின் பொருத்துகிற கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எஸ்.எஃப். எல்லாம் அவ்வளவாகத் தெரியாது, தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன்.

கதையில் இதையெல்லாம் எழுதியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. முதல் நாள் மாட்டியதும் யாரும் பேரப்பிள்ளை குரல் கேட்கிறது என்று ஆனந்தப்படமாட்டார்கள். ஃபேன் சத்தம், தட்டு வைக்கிற சத்தம், பிளாஸ்டிக் கவர் கசங்குகிற சத்தம் எல்லாம் மண்டைக்குள் அடிக்கிறது என்பார்கள். ஒரு வாரத்தில் பாதிப் பேர் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் கூ என்று விசில் அடிக்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், போட்டிருப்பவருக்குக் கேட்காது. பட்டன் பேட்டரியில் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை உரித்தால் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் பேட்டரி உயிர் பெறும், உடனே போடக்கூடாது, ஒரு நிமிடமாவது வெளியே வைத்துவிட்டுப் போடச் சொல்வோம். உரித்ததைத் திருப்பி ஒட்டினாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை, ஓட ஆரம்பித்தது ஓடித் தீரும்.

முக்கியமானது, எல்லோரும் சொல்கிற முதல் குறை தன் குரலைப் பற்றித்தான். என் குரலே எனக்கு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது, பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். மிஷினுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிற வாய் அவர்கள் வாய்தானே. உங்கள் பாட்டிக்கு இருபது நிமிடம் முன்னால் கேட்குமென்றால் பெல், குக்கர் எல்லாம் அப்புறம். அதிகம் கேட்கப்போவது அவர் பேசப்போகிற பேச்சுதான்.


ரிசர்வ்டேங்க் எழுதியது:

அடடா. காதுக்கடை, நீங்கள் முடித்துவிட்டீர்கள். தன் குரலைத் தானே முன்னாலேயே கேட்டவர் அதே வார்த்தையைச் சொல்வார். கேட்டதால் சொல்கிறாரா, சொல்லப்போவதால் கேட்டதா என்று அவருக்கே தெரியாது. வட்டம் தானாகவே சேர்ந்துகொள்கிறது, ஓட்டை அடைபட்டது, ஒரு சமன்பாடும் வேண்டாம்.


மாடிவீடு எழுதியது:

நான்கு நாளாகப் பதில் போடவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். சாவு முடிவைத் தூக்கிவிட்டேன் (டீக்கடைக்கு நன்றி, கோபம் இல்லை). புதுத் தொடக்கம் இப்படி வந்திருக்கிறது:

"ஸ்டிக்கரை உரித்து பேட்டரியைத் தீப்பெட்டிமேல் வைத்துவிட்டு, கடைக்காரப் பையன் சொன்னபடி அறுபது வரை எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் பொறுமை போய் மாட்டிக்கொண்டாள். ஃபேன் இரைந்தது. அப்புறம் பக்கத்தில் யாரோ கிழவி, பானைக்குள் வாயை வைத்த மாதிரி, 'வந்தவனை வாசலிலேயே நிற்க வைக்காதே, உள்ளே கூப்பிடு' என்றாள். யார் இவள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அது தன் குரல் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்கக்கூடியவன் என்று அவளுக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. எழுந்து உலை வைத்தாள்."

எந்த வகை என்று அந்த இதழ் கேட்டால் இந்தத் திரியைத்தான் அனுப்பவேண்டும்.


ரிசர்வ்டேங்க் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவன் பெல் அடிப்பானா மாட்டானா, அதை முதலில் சொல்லுங்கள்.